கெமிஸ்ட்ரி 1406-ல் நான் இழந்த செமஸ்டரும், பிஏ படிப்புக்குப் பாடம் தேர்ந்தெடுத்த கதையும்

2017 டிசம்பரில், டல்லஸுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்டின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து என் முதல் செமஸ்டர் மார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாடம், இரண்டிலும் ஏ. ஆறு வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தவளுக்கு அது பெரிய விஷயம், வீட்டில் பாயசம்கூட வைத்தோம். அன்று இரவு சும்மா ஒரு பிஏ பள்ளியின் சேர்க்கைப் பக்கத்தைப் படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. வேதியியல் பாடம் சயின்ஸ் மேஜர், அதாவது அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்த மாணவர்களுக்கானதாக இருக்க வேண்டும், அறிமுக நிலைப் பாடங்கள் ஏற்கப்படாது. நான் எடுத்திருந்தது கெமிஸ்ட்ரி 1406. அது அறிமுக நிலைப் பாடம்தான்.

பிஏ என்றால் நம் ஊர் பி.ஏ. பட்டம் இல்லை, பிசிஷியன் அசிஸ்டென்ட். (2021ல் இந்தத் தொழிலின் தேசியச் சங்கம் பிசிஷியன் அசோசியேட் என்று பெயரை மாற்ற முடிவெடுத்தது, ஆனால் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்.) மருத்துவரோடு சேர்ந்து நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதித் தரும் வேலை. அமெரிக்காவில் இது முதுகலைப் படிப்பு. பெரும்பாலும் 24 மாதத்திலிருந்து 36 மாதத்துக்குள் முடிந்துவிடும். டாக்டர் படிப்போடு ஒப்பிட்டால் மிகக் குறுகிய காலம், அதனால்தான் உள்ளே வருவதற்கு முன்பே அடிப்படை அறிவியலை முடித்துக்கொண்டு வா என்கிறார்கள். 1965ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர் முதல் வகுப்பைத் தொடங்கியபோது சேர்த்தது, கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக வேலை பார்த்துவிட்டு வந்த நான்கு பேரை. தெரிந்தவர்களை எடுத்து வேகமாகப் பயிற்சி கொடுப்பது என்ற அந்த யோசனை இன்றுவரை மாறவில்லை. ப்ரீரெக் என்று எல்லோரும் சொல்லும் முன்தகுதிப் பாடங்களுக்கும், நோயாளிகளோடு வேலை பார்த்த மணிக்கணக்குக்கும் இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு இருக்கிறது, நல்ல படிப்பு. ஆனால் அதை முடித்துவிட்டு இங்கே வந்து நேரடியாக பிஏ உரிமத் தேர்வு எழுத முடியாது. ஏஆர்சி-பிஏ என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்தவர்கள் மட்டும்தான் அந்தத் தேர்வை எழுதலாம். அதனால் அங்கே அந்தப் படிப்பை முடித்தவர்களும் இங்கே இதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

என் கதைக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன், 2014ல் கல்யாணமாகி டெக்சாஸ் வந்தேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் வேலை பார்க்க முடியாமல் மூன்று வருடம் இருந்தேன். கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகு எனக்கு வேலை அனுமதி கிடைத்தது, அப்போது மகளுக்கு இரண்டு வயது. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அர்ஜென்ட் கேர் என்ற உடனடிச் சிகிச்சை கிளினிக்கில் பார்த்தது ஒரு பிஏ. அந்தப் பெண்மணியிடம்தான் முதன்முதலில் கேட்டேன், இதற்கு என்ன படிக்க வேண்டும் என்று.

பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். மூன்று வருடப் பட்டம் சிலருக்கு இங்குள்ள முழு இளங்கலைக்குச் சமம் என்று வரும், சிலருக்கு மூன்று வருடப் படிப்பு என்று மட்டும் வரும். எனக்குச் சமம் என்று வந்தது. ஆனால் அதை வைத்து ப்ரீரெக் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. நான் பார்த்த பள்ளிகளில் பெரும்பாலானவை, அறிவியல் பாடங்களை அமெரிக்கக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தன. மூன்று வருடம் படித்த மைக்ரோபயாலஜியை மறுபடி முதலிலிருந்து. அந்த வரியைப் படித்த அன்று அழுதேன்.

சரி, வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில், அதாவது முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் உள்ளூர்க் கல்லூரியில் சேரலாம் என்று போனேன். அங்கே ஆலோசகர் இருபது நிமிடம் பேசினார். ஹெல்த் துறைக்குப் போகிறேன் என்றேன், உடனே கெமிஸ்ட்ரி 1406-லும் மைக்ரோபயாலஜி 2420-லும் பதிவு செய்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் வந்து உட்காரும் பத்தில் எட்டுப் பேர் நர்சிங் போகிறவர்கள், அவர்களுக்கு அந்தப் பாடங்கள் சரியானவை. பிஏ பள்ளி ஒவ்வொன்றும் என்ன கேட்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தவறு, நான் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் அவரிடம் கேட்டது.

டெக்சாஸில் படிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, அது எனக்கு அந்த டிசம்பரில்தான் தெரிந்தது. மாநிலம் முழுக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில் பாட எண்கள் ஒன்றுதான். முதல் இலக்கம் எந்த ஆண்டுப் பாடம் என்பது, இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட், அதாவது பாடத்தின் அளவைக் காட்டும் எண் என்பது. 1406 என்றால் முதலாண்டு, நான்கு கிரெடிட். 1411-ம் முதலாண்டு, நான்கு கிரெடிட்தான். மார்க் ஷீட்டில் இரண்டும் கெமிஸ்ட்ரி என்றுதான் இருக்கும், இரண்டிலும் லேப் உண்டு, கட்டணமும் ஒன்றுதான். ஆனால் 1411 சயின்ஸ் மேஜர்களுக்கு, 1406 அப்படியில்லை. மைக்ரோபயாலஜியிலும் அதே கதை: 2420 சயின்ஸ் மேஜர் அல்லாதவர்களுக்கு, 2421 சயின்ஸ் மேஜர்களுக்கு. பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், அது யாருக்காக நடத்தப்படுகிறது என்று கல்லூரிக் கையேட்டில் இருக்கும் அந்த இரண்டு வரி விளக்கத்தைப் படியுங்கள். வேறு மாநிலத்தில் எண் வேறாக இருக்கும், அந்த இரண்டு வரி எல்லா இடத்திலும் இருக்கும்.

அதன்பிறகு செய்ததைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒரு நீளமான நோட்டை எடுத்து, நான் உண்மையிலேயே போகக்கூடிய ஒன்பது பள்ளிகளை இடது ஓரத்தில் எழுதினேன். குழந்தையை விட்டுவிட்டு அலாஸ்கா போக முடியாது என்பதால் டெக்சாஸும் பக்கத்து மாநிலங்களும்தான். மேலே பாடங்கள். அனாடமி-பிசியாலஜி ஒன்றும் இரண்டும், மைக்ரோபயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒன்றும் இரண்டும், ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரி, ஜெனடிக்ஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ், சைக்காலஜி, மெடிக்கல் டெர்மினாலஜி. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு விஷயம் குறித்தேன்: எத்தனை கிரெடிட், லேப் வேண்டுமா, குறைந்தபட்ச கிரேடு என்ன, எத்தனை வருடத்துக்குள் எடுத்திருக்க வேண்டும். இதை எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆனது. எழுதி முடித்ததும் குழப்பம் பாதி போய்விட்டது. அனாடமி, மைக்ரோ, கெமிஸ்ட்ரி, ஸ்டாடிஸ்டிக்ஸ் இந்த நான்கும் கிட்டத்தட்ட எல்லாக் கட்டத்திலும் இருந்தன. ஆர்கானிக்கும் ஜெனடிக்ஸும் சிலவற்றில் மட்டும். ஒரே ஒரு பள்ளி மட்டும் கேட்ட ஒரு பாடத்துக்காக ஒரு செமஸ்டரைச் செலவழிப்பதைவிட அந்தப் பள்ளியை விடுவது மேல் என்று தெரிந்தது.

2420 விஷயத்தில் அப்படித்தான் முடிவெடுத்தேன். ஒன்பது பள்ளிகளுக்கும் மின்னஞ்சல் போட்டேன். பாட எண், கல்லூரிக் கையேட்டின் விளக்கம், சிலபஸ் மூன்றையும் இணைத்து, இது உங்கள் மைக்ரோபயாலஜி தேவையை நிறைவு செய்யுமா என்று ஒரே கேள்வி. ஏழு பேர் ஏற்கிறோம் என்றார்கள், இரண்டு பேர் 2421 வேண்டும் என்றார்கள். அந்த இரண்டையும் அடித்துவிட்டேன். பதில்களை பிடிஎஃப் ஆக்கித் தனி ஃபோல்டரில் வைத்தேன். மூன்று வருடம் கழித்து ஒரு பள்ளியில் வேறு அலுவலர் வந்து அதே பாடத்தைச் சந்தேகப்பட்டபோது அந்தப் பதிலை அனுப்பினேன், ஒரே நாளில் முடிந்தது. ஃபோனில் கேட்டிருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

அந்த 2420 வகுப்பை நினைத்தால் இன்றும் மனசு நிறைகிறது. கிராம் ஸ்டெயின் செய்யும் நாளில் எல்லோரும் தாளைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்கள். என் கை தானாகப் போனது. கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின். ஆல்கஹால் விடும்போது ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, வழியும் துளியில் ஊதா நிறம் வருவது நின்ற அந்த நொடியே தண்ணீர் விட வேண்டும், ஒரு நொடி தாமதித்தால் எல்லாமே இளஞ்சிவப்பாகிவிடும். அது கோயம்புத்தூர் லேபில் எங்கள் மேடம் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தது. பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். அவர்தான் பின்னால் எனக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். மறுபடி படிக்க வேண்டியிருக்கிறதே என்று நொந்துபோகிறவர்களுக்கு இதைச் சொல்வேன், தெரிந்த பாடத்தை முதல் செமஸ்டரில் எடுங்கள்.

கெமிஸ்ட்ரியை மறுபடி ஒழுங்காகத் தொடங்கினேன். 2018 ஜனவரியில் 1411, அது நன்றாகப் போனது. இழந்த செமஸ்டரைப் பிடித்துவிடலாம் என்ற அவசரத்தில் 1412-ஐக் கோடை விடுமுறையில் ஐந்து வாரத்தில் முடிக்கும் வகுப்பில் எடுத்தேன். பதினாறு வாரப் பாடம் ஐந்து வாரத்தில். திங்கட்கிழமை ஈக்விலிபிரியம், புதன்கிழமை ஆசிட்-பேஸ், வெள்ளிக்கிழமை பரீட்சை. நடுவில் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. சி வாங்கினேன்.

அந்த சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் பலருக்குத் தெரியாமல் போகிறது. பிஏ பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பம் காஸ்பா என்ற ஒரே பொது அமைப்பு வழியாகப் போகிறது. உங்கள் கல்லூரி, பாடத்தை மறுபடி எடுத்தால் பழைய கிரேடை மாற்றிப் புதியதை மட்டும் ஜிபிஏ என்ற கிரேடு சராசரியில் சேர்க்கலாம். காஸ்பா அப்படிச் செய்யாது. இரண்டையும் கணக்கில் எடுக்கும். நான் அடுத்த செமஸ்டரிலேயே 1412-ஐத் திரும்ப எடுத்து ஏ வாங்கினேன். கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் அது 4.0. காஸ்பாவிலோ நான்கு கிரெடிட் சி (கிரெடிட்டுக்கு 2 புள்ளி), நான்கு கிரெடிட் ஏ (கிரெடிட்டுக்கு 4 புள்ளி), ஆக எட்டு கிரெடிட்டுக்கு 24 புள்ளி, சராசரி 3.0. சயின்ஸ் ஜிபிஏ தனியாக வேறு கணக்கிடப்படும், அதில் ஸ்டாடிஸ்டிக்ஸ் போன்ற கணிதப் பாடங்களில் வாங்கிய ஏ கைகொடுக்காது. கோடையில் படிக்க வேண்டும் என்றால் சைக்காலஜியையோ மெடிக்கல் டெர்மினாலஜியையோ எடுங்கள். லேப் உள்ள சயின்ஸை வேண்டாம். எடுத்து மூன்றாவது வாரத்திலேயே மூழ்குகிறது என்று தெரிந்தால் கெடு தேதிக்குள் விலகி டபிள்யூ வாங்கிக்கொள்ளுங்கள், அது ஜிபிஏவைத் தொடாது. ஒரு டபிள்யூவுக்கு நேர்காணலில் காரணம் சொல்லலாம். ஐந்தாறு இருந்தால் வேறு கதை.

அப்புறம் காலாவதி. பல பள்ளிகள் அறிவியல் பாடங்களை ஐந்து, ஏழு அல்லது பத்து வருடத்துக்குள் எடுத்திருக்க வேண்டும் என்கின்றன. என்னைப் போல வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு செமஸ்டருக்கு ஒரு பாடம் எடுக்கிறவர்கள் கடைசிப் பாடத்தை முடிக்கும்போது முதல் பாடம் செத்துப்போயிருக்கும். என்னோடு படித்த ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. ஆசையாக அனாடமியை முதலில் எடுத்தாள், கெமிஸ்ட்ரிக்குப் பயந்து கடைசிவரை தள்ளிப்போட்டாள், விண்ணப்பிக்கும்போது அனாடமி ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டது. அதனால் என் கணக்கு இது: பெரும்பாலும் காலாவதியாகாத சைக்காலஜி, ஆங்கிலம் போன்றவற்றை முதலில் முடித்துவிடுங்கள், அப்புறம் கெமிஸ்ட்ரி, அதன்மேல் நிற்கும் மைக்ரோவும் ஆர்கானிக்கும் நடுவில், அனாடமி-பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் கடைசியில். உள்ளே போன முதல் மாதத்திலேயே கிளினிக்கல் அனாடமி தொடங்கிவிடும், அப்போது நரம்புகளின் பெயர் நினைவில் இருப்பது பெரிய உதவி.

பயோகெமிஸ்ட்ரியில் ஒரு பொறி இருக்கிறது. அநேகக் கம்யூனிட்டி காலேஜ்களில் அந்தப் பாடமே கிடையாது, நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் ஆர்கானிக் ஒன்றும் இரண்டும் முடித்திருக்கிறாயா என்பார்கள். பிஏ பள்ளி கேட்பது ஒரு பயோகெமிஸ்ட்ரி, அதற்குள் நுழைய இரண்டு ஆர்கானிக், அதற்குள் நுழைய இரண்டு ஜெனரல் கெமிஸ்ட்ரி. ஐந்து செமஸ்டர் சங்கிலி. சில இடங்களில் ஒரு ஆர்கானிக் போதும் என்ற ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி உண்டு, நான் அதைத் தேடிக் கண்டுபிடித்து எடுத்தேன். நோட்டில் கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், எப்போது விண்ணப்பிக்க முடியும் என்பது அப்போதுதான் தெரியும். காஸ்பா ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் திறக்கும், பல பள்ளிகள் விண்ணப்பங்கள் வர வர இடத்தை நிரப்புகின்றன. ஓரிரு பாடம் பாக்கி இருந்தாலும் விண்ணப்பிக்கலாம் என்று சில பள்ளிகள் விடுகின்றன, சில விடுவதில்லை, அதையும் நோட்டில் ஒரு கட்டமாகச் சேருங்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் என் தோழிக்கு வேறு பிரச்சினை. அங்கே குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள். குவார்ட்டர் கிரெடிட்டை செமஸ்டர் கிரெடிட்டாக மாற்றும்போது மூன்றில் இரண்டு பங்குதான் வரும். ஐந்து கிரெடிட் பாடம் 3.33 ஆகும். நான்கு செமஸ்டர் கிரெடிட் மைக்ரோ வேண்டும் என்ற பள்ளியில் அவளுடையது போதவில்லை. ஜெனரல் கெமிஸ்ட்ரியும் அங்கே மூன்று குவார்ட்டர் சேர்ந்தால்தான் ஒரு வருடப் பாடம், அவள் இரண்டோடு நிறுத்தியிருந்தாள். அதேபோல அனாடமி-பிசியாலஜி ஒன்றையும் இரண்டையும் ஒரே கல்லூரியில் எடுங்கள். ஒரு கல்லூரி நாளமில்லாச் சுரப்பிகளை முதல் பாதியில் வைத்திருக்கும், இன்னொன்று இரண்டாம் பாதியில், நடுவில் மாறினால் ஒரு மண்டலத்தையே படிக்காமல் போய்விடுவீர்கள்.

என் அனாடமி இரண்டாம் பாகம் 2020 ஜனவரியில் தொடங்கியது. மார்ச்சில் கல்லூரியை மூடிவிட்டார்கள். அடுத்த வாரம் ஆட்டு இதயத்தை அறுக்கும் லேப் இருந்தது, அது ஜூமுக்குப் போனது. பேராசிரியர் வீடியோவில் அறுத்துக் காட்டினார், திரையில் எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தது, எது வால்வு எது சுவர் என்று புரியவில்லை. ஹலால் கடைக்குப் போய் ஆட்டு இதயம் இரண்டு வாங்கி வந்தேன். மீன் நறுக்கும் பலகையில் வைத்து, வீடியோவை நிறுத்தி நிறுத்தி, சமையலறைக் கத்தியால் இடது பக்கச் சுவரைக் கீறினேன். உள்ளே வால்வின் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி மெல்லிய இழைகள் கீழே தசை மொட்டுகளுக்கு இறங்கின. கார்டே டெண்டினே. விரல் நுனியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், பூத்தொடுக்கும் நூலைவிட மெல்லியது, இழுத்தால் அறுந்துபோகவில்லை. வலது பக்கச் சுவர் இவ்வளவு மெலிதாகவும் இடது பக்கம் இவ்வளவு தடிமனாகவும் இருக்கும் என்று எந்தப் படமும் எனக்குப் புரியவைத்ததில்லை. மகள் நாற்காலியில் ஏறி நின்று, இது நம்ம உள்ளேயும் இருக்கா அம்மா என்று கேட்டாள்.

அந்த செமஸ்டரில் கிரேடுக்குப் பதிலாக பாஸ் என்று மட்டும் போட்டுக்கொள்ளும் வாய்ப்பைக் கல்லூரி கொடுத்தது. வகுப்பில் பாதிப் பேர் அதை எடுத்தார்கள், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நோட்டைப் பார்த்தேன், ஏழில் நான்கு பள்ளி எழுத்துக் கிரேடுதான் வேண்டும் என்றிருந்தது. கிரேடையே வைத்துக்கொண்டேன். ஏ வந்தது. கோவிட் காலத்து ஆன்லைன் லேபைப் பல பள்ளிகள் அப்போது ஏற்றுக்கொண்டன, ஆனால் அதை வைத்து இப்போது ஆன்லைன் லேபில் சேர்ந்துவிடாதீர்கள், ஒவ்வொரு பள்ளியும் இன்று என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகுதான்.

இதற்கிடையே இரவு ஷிப்டில் நர்சிங் அசிஸ்டென்டாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் நோயாளிகளோடு வேலை பார்த்திருக்க வேண்டும் என்று பல பள்ளிகள் கேட்கின்றன. பாடத்தைத் திட்டமிடும்போதே இதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள், லேப் மாலையிலா காலையிலா என்பதைப் பொறுத்துத்தான் எந்த ஷிப்ட் கிடைக்கும் என்பது. மாலை நேர அனாடமி லேபில் இருபத்துநான்கு இடம்தான், பதிவு திறந்த அன்று காலையே நிரம்பிவிடும்.

2021 ஏப்ரலில் விண்ணப்பித்து, இரண்டு நேர்காணல் வந்து, ஒன்றில் இடம் கிடைத்து, 2022ல் சேர்ந்து 2024ல் முடித்தேன். பச்சைக் கார்டு அதற்கு முன்பே வந்திருந்தது. விசாவில் இருக்கிறவர்கள் இதை முதலிலேயே பாருங்கள், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களை எடுக்காத பள்ளிகள் நிறைய.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் வந்தாள், கல்லூரியில் முதலாண்டு. ஆன்ட்டி, அட்வைசர் இந்த நாலு கிளாஸ் போட்டிருக்காங்க, ஓகேயா என்று தாளை நீட்டினாள். நான் தாளை வாங்காமல், எந்தெந்த ஸ்கூலுக்கு அப்ளை பண்ணப்போறேம்மா என்று கேட்டேன். அதெல்லாம் இன்னும் யோசிக்கலை ஆன்ட்டி என்றாள். என் பழைய நோட்டை எடுத்து மேஜையில் விரித்தேன். காபி கறையோடு, 1406 என்ற எண்ணின்மேல் சிவப்பு மையில் அடித்த கோட்டோடு இன்னும் அப்படியே இருக்கிறது. புதுப் பக்கத்தில் இடது ஓரமாக ஐந்து பள்ளிகளின் பெயரை அவளே எழுதினாள். இரண்டு பள்ளிக்கு அன்று ராத்திரியே மின்னஞ்சல் போட்டுவிட்டாள், பதிவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.